வீட்டு வீடியோ வட்டுக்குப் போன கதை: 1995 முதல் 2025 வரை



வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனா, உங்க வீட்டிலேயே ஒரு வரலாறு தூங்கிக்கொண்டிருக்கிறது. டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து பாருங்க. அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, பத்துமலைத் தைப்பூசம் என்று மார்க்கர் பேனாவால் எழுதிய வட்டுகள் சில அங்கே கிடக்கும். அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறதா? பல வீடுகளில் இப்போது இல்லை.

குடும்பங்கள் தங்கள் உயர் தெளிவு வீடியோவைக் கணினி வழியாக வட்டில் பதிந்த காலம் ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது, எங்கே சிக்கியது, ஏன் மறைந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. காரணம்–விளைவு முறையில் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. காரணம், இதில் அறிவியல், வணிகம், சட்டம், மனிதப் பழக்கம் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலில் ஒரு சொல், ஒரு கணக்கு

பேச்சில் நாம் ‘சிடி பர்ன் பண்றது’ என்போம். எழுத்தில் சிலர் ‘எரித்தல்’ என்கிறார்கள். வட்டில் தீப்பிடிப்பதில்லை, ஆனால் சூடு உண்மை. பதியக்கூடிய சிடி, டிவிடி வட்டுகளில் கரிமச் சாயப் படலம் ஒன்று இருக்கும். லேசர் கதிர் அதன்மேல் பட்டதும் அந்த இடம் சூடாகி நிறமும் தன்மையும் மாறுகின்றன. மாறிய இடம், மாறாத இடம் என்ற இந்த வேறுபாட்டைத்தான் பிறகு கருவி படிக்கிறது. இந்தக் கட்டுரையில் ‘பதிதல்’ என்றே எழுதுகிறேன்.

இனி கணக்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பழகிய பழைய பால் முறைத் தொலைக்காட்சியை இலக்கமுறையில் பதிந்தால் ஒரு படத்தில் 720 × 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. முழு உயர் தெளிவுப் படத்தில் 1920 × 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. வகுத்துப் பாருங்க: சரியாக ஐந்து மடங்கு! ஒரு பாட்டியின் முகச் சுருக்கம், ஒரு புடவையின் கரை, மேடைக்குப் பின்னால் எழுதியிருக்கும் விழாப் பெயர் எல்லாம் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த ஐந்து மடங்கில் இருக்கிறது. கதை முழுதும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடியும் விசிடியும்

குறுவட்டு எனப்படும் சிடியை 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அது பாட்டுக்காகப் பிறந்தது. 74 நிமிட இசையைத் தாங்கியது. 1993இல் விசிடி என்ற தரமுறை வந்தது. அதே சிடியில் எம்பெக்-1 முறையில் சுருக்கிய வீடியோவை ஏற்றினார்கள். படத்தில் 352 × 288 புள்ளிகள்தான்; தெளிவு ஏறக்குறைய விஎச்எஸ் நாடா அளவில் இருந்தது.

மேற்கு நாடுகளில் விசிடி பெரிதாக எடுபடவில்லை. நம் வட்டாரத்திலோ கொடிகட்டிப் பறந்தது. ஈரக்காற்றில் நாடா பூஞ்சை பிடிக்கும், வட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, விலையும் மலிவு. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒரே வட்டில் அடங்காது. பாதியில் எழுந்துபோய் அடுத்த வட்டைப் போட வேண்டும். பசார் மாலாம் கடைகளில் திருட்டு விசிடிகளும் பெருகின. மலேசியாவில் ஒளிவட்டுத் தயாரிப்புக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்லும் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

1990களின் பின்பாதியில் சிடி பதியும் இயக்கி மெல்ல மெல்ல வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது. அந்நாளில் பதிவு என்பது பதற்றமான வேலை. கணினி ஒரு நொடி தரவைத் தர மறந்தாலும் வட்டு பாழ். அதற்குப் பிறகு அது தேநீர்க் குவளைக்கு அடித்தட்டாக மட்டுமே உதவும். தரவு நின்றால் லேசரும் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பத்தை சான்யோ நிறுவனம் 2000 வாக்கில் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் சாதாரண மக்கள் பயமில்லாமல் பதியத் தொடங்கினார்கள்.

டிவிடி: படம் எடுப்பதும் பதிவதும் வீட்டுக்குள் வந்தன

1995இல் இரண்டு காரியம் நடந்தது. டிவிடி தரமுறைக்கு நிறுவனங்கள் உடன்பட்டன. அதே ஆண்டில் டிவி எனப்படும் இலக்கமுறை வீடியோ நாடாவில் பதியும் வீட்டுக் கேமராக்களும் வந்தன. 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஒரு படலத்தில் 4.7 ஜிபி; சிடியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு.

மினிடிவி நாடா உள்ளங்கையில் அடங்கும். ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்றினால் சுமார் 13 ஜிபி ஆகும். மாற்றுவதற்கு ஃபயர்வயர் என்ற கம்பி. ஒரு மணி நேர நாடா ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. 2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் டிவிடி பதியும் இயக்கி உள்ளேயே பொருத்திய கணினியையும், ஐடிவிடி என்ற எளிய மென்பொருளையும் வெளியிட்டது. அந்த இயக்கியைச் செய்து கொடுத்தது பயனியர். விரைவில் விண்டோஸ் கணினிகளுக்கும் அதே வசதி மலிவாகக் கிடைத்தது.

இந்தக் கட்டத்தில் கேமராவும் வட்டும் சம நிலையில் இருந்தன. கேமரா 720 × 576 புள்ளிகளில் எடுத்தது. டிவிடி 720 × 576 புள்ளிகளில் காட்டியது. சுருக்கத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனா சட்டை உடம்புக்குப் பொருந்தியது. அது ஒரு நிம்மதியான காலம். நீடிக்கவில்லை.

2003: கேமரா முந்திக்கொண்டது

2003இல் ஜேவிசி, சோனி, கேனன், ஷார்ப் ஆகிய நான்கு நிறுவனங்கள் எச்டிவி என்ற புதிய முறையை அறிவித்தன. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. நாடா அதே மினிடிவி நாடா. உள்ளே எம்பெக்-2 முறையில் இன்னும் இறுக்கமாகச் சுருக்கியதால் அதே நாடாவில், அதே ஒரு மணி நேரத்தில், 1440 × 1080 புள்ளிகள் கொண்ட உயர் தெளிவுப் படம் அடங்கியது. 2004இல் சோனி எச்டிஆர்-எஃப்எக்ஸ்1 என்ற கேமராவை விட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கையில் சில ஆண்டுகளில் இந்த வகைக் கேமராக்கள் வந்துவிட்டன.

இங்கேதான் சிக்கல். எடுத்தாச்சு, எதில் கொடுப்பது?

கணக்கைப் பாருங்க. எச்டிவி நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் ஓடும். எட்டால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 3.1 மெகாபைட்; மணிக்கு 11 ஜிபிக்குச் சற்று மேல். 4.7 ஜிபி டிவிடியில் 25 நிமிடம்தான் பிடிக்கும். அந்த 25 நிமிடத்தையும் வீட்டு டிவிடி பிளேயர் காட்டாது. டிவிடி வீடியோவின் தரமுறை நொடிக்கு ஏறக்குறைய 10 மெகாபிட்டோடு நின்றுவிடுகிறது; புள்ளிகளும் 720 × 576ஐத் தாண்டக்கூடாது. பிளேயருக்கு அதற்கு மேல் புரியாது.

ஆகவே பெரும்பாலோர் செய்தது ஒன்றே ஒன்று: உயர் தெளிவில் எடுத்ததைச் சாதாரணத் தெளிவுக்கு இறக்கி டிவிடியில் பதிந்தார்கள். ஐந்து படி ஏறிய பிறகு நாலு படி இறங்கிய கதை. மூல நாடா என்ன ஆனது? மினிடிவி நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். செலவு மிச்சம் என்று அடுத்த நிகழ்ச்சிக்கு அதே நாடாவை மாட்டியவர்கள் உண்டு.

எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. 2008இல் என் சித்தி மகள் திருமணத்தை வீடியோ எடுத்தவர் எச்டி கேமராவில்தான் எடுத்தார். கையில் கொடுத்தது இரண்டு டிவிடி. ஆறேழு ஆண்டு கழித்து, ப்ளூ-ரே பிளேயர் வாங்கிய பிறகு, மூல நாடா கிடைக்குமா என்று கேட்டோம். அதில் வேறு யாரோ ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழா இருந்தது. எங்கள் பாட்டி நடந்து வரும் கடைசி வீடியோ அந்தத் திருமணத்தில் எடுத்ததுதான். டிவிடியில் பாட்டி இருக்கிறார்; பெரிய திரையில் போட்டால் முகம் கலங்கித் தெரிகிறது. ஒரு காலத்தில் அந்த முகம் தெளிவாகவே பதிவாகியிருந்தது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

இடைக்கால வழி: பழைய வட்டில் புதிய படம்

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி பிறந்தது. 2006 மே மாதம் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி என்ற முறையை அறிவித்தன. இது நாடாவை விட்டுவிட்டது. 8 சென்டிமீட்டர் சிறு டிவிடியிலும் வன்தட்டிலும் நினைவட்டையிலும் நேரடியாகப் பதியும். சுருக்க முறையும் புதியது: எச்.264. எம்பெக்-2 கேட்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தெளிவைத் தர முயலும் முறை அது.

இதன் பயன் வீட்டுக் கணினிக்கும் வந்தது. உயர் தெளிவு வீடியோவை எச்.264இல் சுருக்கி, ப்ளூ-ரே வட்டைப் போன்ற கோப்பு அமைப்போடு ஒரு சாதாரண டிவிடியில் பதிந்துவிடலாம். நொடிக்கு 17 மெகாபிட் என்று வைத்தால் ஒரு டிவிடியில் சுமார் 37 நிமிடம். இன்னும் இறுக்கினால் ஒரு மணி நேரம்கூட வரும்.

வட்டு பழையதுதான், ஆனால் பழைய பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரே பிளேயரில்தான் ஓடும், அதிலும் ஏவிசிஎச்டி என்ற முத்திரை உள்ளதில். இங்கே பல குடும்பங்கள் குழம்பின. பார்ப்பதற்கு டிவிடி, பெயரும் டிவிடி, ஆனா டிவிடி பிளேயரில் போட்டால் பிழைச் செய்தி! உறவினருக்கு அனுப்பினால், “வட்டு கெட்டுப்போச்சு போல” என்று திரும்பி வரும். மலிவான வழிதான்; விளங்கச் சொல்வது கடினமான வழி.

நீல லேசரும் இரண்டு அணிகளும்

உண்மையான தீர்வு ஒளியின் நிறத்தில் இருந்தது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அலைநீளம் குறைந்தால் கதிரைச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். புள்ளி சிறிதானால் அதே 12 சென்டிமீட்டர் வட்டில் அதிகம் எழுதலாம். மெல்லிய பேனா முனையால் ஒரே தாளில் அதிக வரி எழுதுவது மாதிரிதான். டிவிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், ப்ளூ-ரேயில் 0.32 மைக்ரான். லென்ஸும் கூர்மையானது. விளைவு: ஒரு படலத்தில் 25 ஜிபி, இரு படலத்தில் 50 ஜிபி. நம் 25 மெகாபிட் எச்டிவி வீடியோ ஒரு படலத்தில் 2 மணி 13 நிமிடம் பிடிக்கும். ஒரு திருமணத்தை இறக்காமல், குறைக்காமல் கொடுத்துவிடலாம்.

நீல ஒளி எளிதில் கிடைத்ததல்ல. காலியம் நைட்ரைடு என்ற பொருளில் பளிச்சென்ற நீல ஒளியைப் பெற ஜப்பானிய ஆய்வாளர்கள் பல்லாண்டு போராடினார்கள். அக்காசாகி, அமானோ, நக்காமுரா மூவரும் நீல ஒளியுமிழ் டயோடுக்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். நீல ஊதா லேசரும் அதே வழியில்தான் 1990களில் பிறந்தது.

ஆனால் ஒளி தயாரான பிறகும் மக்களுக்கு வட்டு உடனே வரவில்லை. நிறுவனங்கள் இரண்டு அணியாகப் பிரிந்தன. 2002 பிப்ரவரியில் சோனி, பானசோனிக், பிலிப்ஸ் உட்பட ஒன்பது நிறுவனங்கள் ப்ளூ-ரேயை அறிவித்தன. தோஷிபாவும் என்இசியும் எச்டி டிவிடி என்ற இன்னொரு முறையை முன்வைத்தன. எச்டி டிவிடியில் ஒரு படலத்துக்கு 15 ஜிபிதான். ஆனால் அதன் கட்டமைப்பு டிவிடியை ஒத்தது, பழைய தொழிற்சாலையைச் சிறிது மாற்றினால் போதும். ப்ளூ-ரேயில் கொள்ளளவு அதிகம். ஆனால் தரவுப் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் கீறல் தாங்கும் தனிப்பூச்சும் புதிய இயந்திரங்களும் தேவைப்பட்டன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

2006இல் இரண்டுமே கடைக்கு வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள் ப்ளூ-ரே இயக்கி இருந்தது. விளையாட வாங்கியவர் வீட்டுக்குள் ப்ளூ-ரேயும் சத்தமில்லாமல் நுழைந்தது. 2008 ஜனவரியில் வார்னர் திரைப்பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. 1970களில் பீட்டாமேக்ஸும் விஎச்எஸும் மோதியது போன்ற போர்தான் இது. இந்தத் தடவை சோனி இருந்த அணி வென்றது.

வென்றது யார் என்பதோடு நம் கட்டுரை முடியக்கூடாது. நடுவில் காத்திருந்தது யார் என்று கேளுங்கள். 2003இல் கேமரா கிடைத்தது. 2008 வரை எந்த வட்டு நிலைக்கும் என்றே தெரியாது. அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த திருமணங்களும் விழாக்களும் வட்டுகளின் சண்டை முடியும்வரை காத்திருக்குமா?

கணினியில் பதிவது எப்படி நடந்தது?

2006இலிருந்தே கணினிக்கான ப்ளூ-ரே பதிவு இயக்கிகள் கிடைத்தன. விலைதான் எட்டாத உயரம். வெற்று வட்டின் விலையும் டிவிடியைவிடப் பல மடங்கு. மென்பொருளும் மெதுவாகத்தான் வந்தது. 2007இல் அடோபி என்கோர் ப்ளூ-ரேக்கு வழிசெய்தது. ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2008 அக்டோபரில் உரிமச் சிக்கல்களைக் காரணம் காட்டி ப்ளூ-ரேயைச் சேர்க்கத் தயங்கினார். கடைசிவரை மேக் கணினிகளுக்குள் ப்ளூ-ரே இயக்கி வரவே இல்லை. 2009இல் வந்த ஃபைனல் கட் தொகுப்பு மட்டும், வெளியே இணைத்த இயக்கியில் ப்ளூ-ரேயாகவோ, உள்ளிருக்கும் டிவிடி இயக்கியில் சிவப்பு லேசர் வட்டாகவோ பதிய உதவியது.

வேலை ஐந்து படிகளாக நடந்தது. முதலில் நாடாவையோ நினைவட்டையையோ கணினிக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது, வெட்டி ஒட்டிச் செப்பனிட வேண்டும். மூன்றாவது, வட்டு ஏற்கும் முறைக்குச் சுருக்க வேண்டும். ப்ளூ-ரே ஏற்பது எம்பெக்-2, எச்.264, விசி-1 ஆகிய மூன்று முறைகள். நான்காவது, பட்டியல் திரை, அத்தியாயப் பிரிவுகள் அமைத்து, வட்டுக்குரிய கோப்பு அமைப்பாகக் கட்ட வேண்டும். ஐந்தாவதுதான் பதிவு.

இதில் உயிரை வாங்கியது மூன்றாவது படி. அந்நாளைய வீட்டுக் கணினியில் ஒரு மணி நேர வீடியோவை எச்.264க்கு மாற்றப் பல மணி நேரம் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்ப்பார்கள். நடுவில் மின்தடை வந்தால் முதலிலிருந்து. ஐந்தாவது படியோ எளிது: இரட்டை வேகத்தில் நொடிக்கு 9 மெகாபைட், 25 ஜிபி வட்டு நிறைய 46 நிமிடம்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பதிந்ததை எந்தத் திரையில் பார்ப்பது? மலேசியாவில் ஆஸ்ட்ரோவின் உயர் தெளிவுச் சேவை தொடங்கியதே 2009 டிசம்பரில்தான். அதுவரை பல வரவேற்பறைகளில் பழைய குழாய் டிவிதான் இருந்தது. அதில் உயர் தெளிவுக்கும் டிவிடிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. “எதுக்கு இவ்வளவு செலவு?” என்று மக்கள் கேட்டதும் நியாயம்தான். இழப்பு என்னவென்று தெரிய, பெரிய திரை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெற்றி பெற்றதும் வீழ்ந்தது

ப்ளூ-ரே போரில் வென்ற 2008ஆம் ஆண்டிலேயே வட்டின் வேரை அறுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் யூடியூப் 720 வரி உயர் தெளிவைக் காட்டத் தொடங்கியது. 2009 நவம்பரில் 1080 வரி. 2010இல் ஐபோன் 4 உயர் தெளிவில் வீடியோ எடுத்தது. கேமரா சட்டைப்பைக்குள் போனது. வீடியோ வட்டைத் தொடாமல் நேரே இணையத்துக்குப் போனது. டிவியிலேயே யுஎஸ்பி துளை வந்ததால் வட்டுக்குப் பதில் விரல் அளவு நினைவுக்குச்சி போதுமென்றாயிற்று. 2012இல் ஐமேக் வட்டு இயக்கி இல்லாமலேயே வந்தது. மடிக்கணினிகளிலும் அது ஒவ்வொன்றாக மறைந்தது.

2023 பிப்ரவரியில் பானசோனிக் பதியக்கூடிய ப்ளூ-ரே வட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. 2025 ஜனவரியில் சோனி ஓர் அறிவிப்பு செய்தது: பதியக்கூடிய ப்ளூ-ரே வட்டு, மினிடிஸ்க், மினிடிவி நாடா ஆகியவற்றின் உற்பத்தி பிப்ரவரியோடு நிற்கும், அவற்றுக்கு வாரிசு கிடையாது. உயர் தெளிவில் எடுக்க உதவிய நாடாவும் அதைக் காப்பாற்ற வந்த வட்டும் ஒரே அறிவிப்பில் விடைபெற்றன. வேறு சில நிறுவனங்கள் வட்டு செய்கின்றன என்றாலும், வீட்டுப் பழக்கம் என்ற அளவில் கதை முடிந்துவிட்டது.

இப்போது உங்கள் வட்டுகளுக்கு என்ன செய்வது?

பதிந்த வட்டு என்றென்றும் இருக்கும் என்று நம்பியவர்கள் அதிகம். சாயப் படலம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் பலியாகும். நம் நாட்டில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஏட்டுச் சுவடி நைந்துபோகும் முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. வட்டுக்கும் அதே விதிதான்: காப்பது என்றால் பெயர்த்துக்கொண்டே இருப்பது.

செய்ய வேண்டியவை இவை. முதலில், யுஎஸ்பியில் இணைக்கும் வட்டு இயக்கி ஒன்றைக் கடன் வாங்கியாவது வையுங்கள்; ப்ளூ-ரே வட்டு இருந்தால் ப்ளூ-ரே இயக்கியே வேண்டும், டிவிடி இயக்கி அதைப் படிக்காது. வட்டிலுள்ள கோப்புகளை மறுபடி சுருக்காமல் அப்படியே வன்தட்டுக்கு நகலெடுங்கள். ஒவ்வொரு மறுசுருக்கமும் கொஞ்சம் தெளிவைத் தின்றுவிடும். சிறு டிவிடியில் பதியும் கேமரா வைத்திருந்தவர்கள், வட்டை ‘முடித்துவைக்கும்’ கட்டளை கொடுக்காமல் விட்டிருந்தால் மற்றக் கருவிகளில் அது திறக்காது. அந்தக் கேமராவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மினிடிவி நாடா எங்காவது இருந்தால் அதற்கே முதலிடம். வட்டைவிடத் தெளிவான மூலம் அதில் இருக்கலாம், ஓட்டும் கேமராக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நகல்கள் மூன்று இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வேறு வீட்டில்.

ஆசிரியர்களே, பள்ளி அலமாரியையும் ஒரு தடவை பாருங்க. பழைய கலைவிழாக்கள், பேச்சுப் போட்டிகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் உரை எல்லாம் இந்த வட்டுகளில்தான் இருக்கின்றன. நம் பள்ளிகளின் வரலாற்றை வேறு யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று செய்திகள். ஒன்று, ஒரு மாற்றத்துக்கு ஒரே காரணம் எழுதாதீர்கள். ப்ளூ-ரேயின் வெற்றியில் லேசரும் உண்டு, விளையாட்டுக் கருவியும் உண்டு, திரைப்பட நிறுவனத்தின் முடிவும் உண்டு. இரண்டு, ஆண்டுகளை அடுக்கினால் மட்டும் வரலாறு ஆகாது. 2003க்கும் 2008க்கும் நடுவே இருந்த இடைவெளி யாரைப் பாதித்தது என்று கேட்டால்தான் வரலாறு. மூன்று, வென்றவரோடு நிறுத்தாதீர்கள். வென்றது ஏன் நிலைக்கவில்லை என்றும் எழுதுங்கள்.

சிந்தனை வினாக்கள்:

1. 4.7 ஜிபி வட்டில் நொடிக்கு 25 மெகாபிட் வீடியோ எத்தனை நிமிடம் பிடிக்கும்? வழிமுறையுடன் காட்டுக.
2. விசிடி மேற்கு நாடுகளைவிட நம் வட்டாரத்தில் ஏன் அதிகம் பரவியது? இரு காரணங்கள் எழுதுக.
3. ‘நிறுவனங்களின் போட்டி மக்களுக்கு எப்போதும் நன்மையே தரும்’. ப்ளூ-ரே, எச்டி டிவிடி போட்டியை முன்வைத்து உன் கருத்தை வாதிடுக.
4. உன் வீட்டில் அல்லது உறவினர் வீட்டில் உள்ள ஒரு பழைய வட்டைப் பற்றி விசாரித்து, அது எப்போது, எதில் எடுக்கப்பட்டது, இப்போது திறக்கிறதா என்று 150 சொற்களில் எழுதுக.

நான்காவது வினாவை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள், ஆசிரியர்களே. மாணவர் வீட்டுக்குப் போய்க் கேட்பார். அம்மா இழுப்பறையைத் திறப்பார். முப்பது பேர் வகுப்பில் ஐந்து வட்டுகள் காப்பாற்றப்பட்டாலும் அந்தப் பாடம் வெற்றிதான்.